அடைப்பில்லாத மாரடைப்பு

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வருகிறார். உடம்பெல்லாம் வியர்த்திருக்கிறது, மூச்சு முட்டுகிறது, வலி இடது தோளுக்கு ஏறுகிறது. ஈசிஜி தாள் மாரடைப்பு என்கிறது. இரத்தப் பரிசோதனையிலும் ட்ரோபோனின் கூடியிருக்கிறது. வசதியுள்ள ஓரிடமாக இருந்தால் உடனே அஞ்சியோகிராம் செய்து பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பே இல்லை. ஆனால் எக்கோ படத்தில் இடது கீழறையின் நுனிப் பாதி அசையாமல் கிடக்கிறது. மேற்பாதி மட்டும் இரண்டு பங்கு வேலையைத் தனியாகச் செய்கிறது. சில வாரங்கள் கழித்து மறுபடி எக்கோ எடுத்தால், அதே இருதயம் பழையபடி அடித்துக்கொண்டிருக்கிறது.

1983இல் ஹிரோஷிமாவில் 64 வயதுப் பெண் ஒருவரிடம் வைத்தியர்கள் இதைக் கண்டார்கள். 1990இல் ஹிகாரு சாட்டோவும் அவருடைய சகாக்களும் இதற்கு டகோட்சுபோ என்று பெயரிட்டு எழுதினார்கள். பேய்க்கணவாய் பிடிக்க ஜப்பானிய மீனவர்கள் கடலுக்குள் இறக்கும் பானையின் பெயர் அது; கழுத்து ஒடுங்கி, அடி உருண்டிருக்கும். நுனி உப்பி, மேல் ஒடுங்கிய இருதயப் படம் அவர்களுக்கு அந்தப் பானையாகவே தெரிந்திருக்கிறது. மாரடைப்பு என்ற சந்தேகத்தோடு வைத்தியசாலைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இருப்பது இந்த நோய்தான். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பங்கு இன்னும் கூடுகிறது.

ஊவா மாகாணத்துத் தோட்டங்களுக்கு இந்த நோய் ஏன் முக்கியம்? பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று நீளும் தேயிலை மலைகளில் கொழுந்து எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்த நோய் அதிகமாகத் தாக்குவது மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களை. நோயைக் கிளப்பிவிடுகின்ற திடீர் அதிர்ச்சி, பயம், இழப்பு, உடற்காயம் எல்லாம் தோட்டத்தில் அன்றாடம் நடப்பவை. நோயைப் பிரித்தறிய வைத்தியர் கேட்க வேண்டிய முதற் கேள்வியோ மிக எளிமையானது: வலி வருமுன் என்ன நடந்தது? இந்தக் கேள்விக்கான பதில் லயத்திலிருந்து வார்டுக்குப் போகும் வழியில் தொலைந்துபோகக் கூடாது என்பதே இங்கு சொல்ல வேண்டிய விஷயம்.

துக்கம் உயிரைக் குடிக்கும் என்பதை நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணவன் நீதி தவறியதால் உயிர்விட்டதைக் கண்ட மாத்திரத்தில் பாண்டிமாதேவி தானும் உயிர்துறந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், தப்புச் சத்தத்துக்கு நடுவே மயங்கி விழும் மனைவிக்கோ தாய்க்கோ தண்ணீர் தெளித்து, விசிறி, "பயந்துபோச்சு" என்று ஓரமாகப் படுக்கவைப்பது வழக்கம். அநேகம் பேருக்கு அது வெறும் மயக்கம்தான். எல்லாருக்கும் அல்ல.

மருத்துவம் இந்தப் பழைய நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வெகுகாலம் எடுத்தது. 1942இல் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர், பயத்தாலேயே மனிதர் சாவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். 1971இல் ஜோர்ஜ் எங்கல், திடீர் மன அதிர்ச்சிக்குப் பின் இறந்த 170 பேரின் விவரங்களைத் திரட்டினார். 1980இல் ஒஹையோவில் செபலினும் ஹிர்ஷும் அடிதடியில் இறந்த 15 பேரின் உடல்களை ஆராய்ந்தார்கள். உயிர் போகுமளவுக்கு உள்காயம் எதுவும் அவர்களுக்கு இல்லை. ஆனால் 11 பேருடைய இருதயத் தசையில், அதிர்ச்சியில் பொங்கும் சுரப்புகளால் உண்டாகும் அதே வகைச் சிதைவு இருந்தது. அடித்தவன் கை இருதயத்தைத் தொடவில்லை, பயம் தொட்டிருக்கிறது.

சுரப்பின் அளவை நேராக அளந்தவர்கள் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள். விட்ஸ்டைன் குழு 2005இல் 19 நோயாளிகளைப் பற்றி எழுதியது. அதிர்ச்சிக்குப் பின் வந்த இவர்களுடைய இரத்தத்தில் அட்ரினலினும் அதன் இனச் சுரப்புகளும், கடுமையான உண்மை மாரடைப்பு நோயாளிகளிடம் இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். சாதாரண அளவோடு ஒப்பிட்டால் ஏழு முதல் முப்பத்துநான்கு மடங்கு.

அட்ரினலின் ஏறினால் இருதயம் வேகமாக, பலமாக அடிக்கத்தானே வேண்டும், எப்படி மரத்துப்போகிறது? லண்டனில் சியான் ஹார்டிங் குழுவினர் 2012இல் விலங்குகளில் செய்த ஆய்வு இதற்கு ஒரு நல்ல விளக்கம் தந்தது. அட்ரினலினைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகளில் ஒரு வகை இருதயத்தின் நுனியில் அதிகமாக இருக்கிறது. அளவான அட்ரினலின் வந்தால் அந்த வாங்கி தசையை முடுக்குகிறது. அளவு மீறிக் கொட்டினால் அதே வாங்கி எதிர்ப்பக்கம் திரும்பி, தசையின் வேகத்தைக் கட்டிப்போடுகிறது. செல்கள் செத்துவிடாமல் தப்பிக்க உடம்பு போடும் தடுப்பாகவே அது இருக்கலாம். தசை சாகாமல் சுருண்டு கிடப்பதால்தான் பின்னால் எழுந்துகொள்ள முடிகிறது. நுண்குழாய்கள் சுருங்குவதும் சேர்ந்துகொள்கிறது என்பார்கள். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரஜனின் காவல் போய்விடுவதால் மூத்த பெண்கள் எளிதில் அகப்படுகிறார்கள் என்ற கருத்தும் உண்டு. எந்த ஒரு விளக்கமும் முழுக் கதையல்ல. சூரிச் ஆராய்ச்சியாளர்கள் 2019இல், இந்த நோய் வந்தவர்களின் மூளையில் உணர்ச்சியைக் கையாளும் பகுதிகளுக்கிடையே தொடர்பு குறைந்திருப்பதையும் காட்டியிருக்கிறார்கள்.

பத்திரிகைகள் இந்த நோய்க்கு 'உடைந்த இதயம்' என்று பெயர் வைத்துவிட்டதால், இது காதலிலும் துக்கத்திலும் மட்டும் வரும் நோய் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. சூரிச்சை மையமாகக் கொண்ட இன்டர்டாக் என்ற பதிவேடு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமாக 26 மையங்களில் 1,750 நோயாளிகளைச் சேர்த்து 2015இல் முடிவுகளை வெளியிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெண்கள். சராசரி வயது 67க்குச் சற்றுக் குறைவு. மன அதிர்ச்சியால் வந்தது 27.7 வீதம்தான். உடலுக்கு நேர்ந்த தாக்கத்தால் வந்தது 36 வீதம்: கடும் ஆஸ்துமா, சத்திர சிகிச்சை, மூளையில் இரத்தக்கசிவு, எலும்பு முறிவு, நோய்த்தொற்று என்று அந்தப் பட்டியல் நீளும். 28.5 வீதத்தினருக்கு எந்தக் காரணமும் தென்படவில்லை. அடுத்த ஆண்டு அதே பதிவேட்டிலிருந்து, மன எழுச்சியால் நோய் வந்த 485 பேரை எடுத்துப் பார்த்தபோது, அதில் 20 பேருக்கு அது மகிழ்ச்சியில் வந்திருந்தது. கல்யாண வீட்டிலும் வரலாம், பேரப்பிள்ளை பிறந்த சேதியிலும் வரலாம்.

உடலுக்கு நேரும் தாக்கம் என்றதும் தோட்டத்து ஆட்களுக்கு முதலில் நினைவு வருவது குளவிதான்.

குளவிக்கொட்டு மலையகத்தில் செய்தித்தாள் ஓரத்துத் துணுக்காகவே போய்விடுகிறது. சவுக்கு மரக் கிளையிலோ, பாறை இடுக்கிலோ, தேயிலைச் செடிக்குள்ளேயோ கூடு இருக்கும். மலைத்தேனீயின் கூட்டையும் தோட்டத்தில் குளவிக்கூடு என்றே சொல்வார்கள். கழுகு மோதினாலும் கலையும், காற்றில் கிளை முறிந்தாலும் கலையும், தெரியாமல் கை பட்டாலும் கலையும். குளவிகள் கூட்டமாக இறங்கும்போது, கொழுந்து எடுப்பவரின் முதுகில், தலையில் கயிறு மாட்டிய கூடை பாரமாக இருக்கிறது. இடுப்பில் படங்கு சுற்றியிருக்கிறது. கால்வைக்கும் இடமெல்லாம் சரிவு. செடிகள் நெருக்கமாக நின்று வழி மறிக்கின்றன. சமதரையில் ஓடுவதுபோல ஓட முடியாது. கூடையைக் கழற்றி எறிந்து, படங்கை உருவித் தலையில் போர்த்திக்கொண்டு செடிக்கடியில் குப்புறப் படுப்பதே பலருக்குத் தெரிந்த தற்காப்பு. அதற்குள் முகத்திலும் கழுத்திலும் கொட்டு விழுந்துவிடும்.

இப்படிக் கொட்டு வாங்கியவரின் இருதயம் மூன்று வழிகளில் அடிபடலாம். ஒவ்வாமை உச்சத்துக்குப் போய் இரத்த அழுத்தம் விழுவது முதலாவது. ஒவ்வாமையின்போது வெளிவரும் பொருள்களால் இருதயக் குழாய்களே இறுகிக்கொள்வது இரண்டாவது; கிரேக்க வைத்தியர் நிக்கொலஸ் கூனிஸ் 1991இல் இதை விவரித்தார், அவர் பெயராலேயே அது அறியப்படுகிறது. மூன்றாவது டகோட்சுபோ. பயமும் வலியும் ஒவ்வாமையும் சேர்ந்து அட்ரினலினைக் கொட்டவைக்கின்றன. அதற்கு மேல் உயிர்காக்கப் போடும் அட்ரினலின் ஊசியும் சேர்கிறது. அந்த ஊசிக்குப் பின் டகோட்சுபோ வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உள்ளன.

இதைப் படித்துவிட்டு அட்ரினலின் ஊசிக்குப் பயந்துவிடக் கூடாது. கடும் ஒவ்வாமையில் அந்த ஊசியைத் தொடைத் தசையில் உடனே போடுவதே உயிரைக் காப்பாற்றும். தாமதத்தால் போகும் உயிர்களோடு ஒப்பிட்டால் இந்தப் பக்கவிளைவு மிக அரிது. சொல்ல வருவது வேறு. குளவிக்கொட்டுக்கு ஊசி போட்டு, வீக்கம் வற்றியதும் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும் பழக்கம் போதாது. நெஞ்சு அடைப்பதாகவோ மூச்சு இளைப்பதாகவோ அவர் சொன்னால் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். "குளவி கொட்டினா அப்படித்தான் படபடங்கும்" என்று தட்டிக்கழிக்கக் கூடாது.

இனி பெரிய அதிர்ச்சிகள். 2004 ஒக்டோபர் 23ஆம் திகதி ஜப்பானின் நீகாட்டா மாநிலத்தில் நிலம் அதிர்ந்தது. அடுத்த வாரங்களில் அந்தப் பகுதி வைத்தியசாலைகளுக்கு வந்த டகோட்சுபோ நோயாளிகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியதை அங்குள்ள வைத்தியர்கள் பதிவுசெய்தார்கள். 2011 பெப்ரவரி 22இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரம் அதிர்ந்தபோதும், சில நாட்களுக்குள் மூத்த பெண்கள் அடுத்தடுத்து இதே நோயோடு வந்து சேர்ந்தார்கள். 2020இல் கொவிட் முதன்முதல் பரவிய மார்ச், ஏப்ரல் மாதங்களில், ஒஹையோவின் கிளீவ்லண்ட் கிளினிக் வைத்தியசாலைகளுக்கு நெஞ்சுவலியோடு வந்தவர்களில் 7.8 வீதத்தினருக்கு டகோட்சுபோ இருந்தது. அதற்கு முன் இரண்டு வீதத்தைத் தாண்டியதில்லை. அந்த நோயாளிகளுக்குக் கொவிட் தொற்று இல்லை. வேலை போன கவலையும் தனிமையும் பயமும் இருந்தன.

ஊவாவுக்குப் பெரிய பூமியதிர்ச்சி இல்லை, மண்சரிவு உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி வந்து லயங்களைப் புதைத்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. இவை நினைவில் நிற்கும் பெரிய பெயர்கள். மழை பலமாகப் பிடித்தாலே பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ போய்ப் படுக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கின்றன.

அப்படிப்பட்ட முகாம்களில் வைத்தியக்குழு போய்ப் பார்ப்பது காய்ச்சல், வயிற்றோட்டம், காயம். பார்க்க வேண்டியவைதான். ஆனால் நீகாட்டாவும் கிறைஸ்ட்சேர்ச்சும் காட்டியதை வைத்துப் பார்த்தால், பிள்ளையையோ புருஷனையோ மண்ணுக்குள் பறிகொடுத்த ஐம்பது அறுபது வயதுப் பெண் நெஞ்சு கனக்கிறது என்று சொன்னால் அதைத் துக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு ஈசிஜி இயந்திரம் முகாமுக்குப் போவது பெரிய செலவல்ல. அனர்த்தம் நடந்த முதல் மாதத்தில் நெஞ்சுவலியோடு வந்தவர்களின் விவரத்தைத் தனியாக எழுதிவைப்பதும் பெரிய வேலையல்ல. ஜப்பானியர் செய்தது அவ்வளவுதான்.

இந்த நோயில் கேள்வி கேட்பதற்கு எவ்வளவு பெறுமதி என்பதை இன்டர்டாக் குழு எண்ணாகவே போட்டுக் காட்டியிருக்கிறது. மாரடைப்பா டகோட்சுபோவா என்று படுக்கையருகிலேயே கணிக்க அவர்கள் ஒரு புள்ளிமுறை வகுத்தார்கள். மொத்தம் 100 புள்ளி. நோயாளி பெண் என்றால் 25. மன அதிர்ச்சி நடந்திருந்தால் 24. உடல் தாக்கம் நடந்திருந்தால் 13. ஈசிஜியில் தெரியும் இரண்டு அடையாளங்களுக்கு 12உம் 6உம். மனநோய், நரம்புநோய் வரலாறுக்கு 11உம் 9உம். கூட்டிப் பார்த்தால், இயந்திரம் சொல்வது 18 புள்ளி. நோயாளியோ கூட வந்தவரோ வாய்திறந்து சொன்னால் மட்டுமே தெரியக்கூடியது 57 புள்ளி. ஈசிஜி இயந்திரம் இல்லாத தோட்ட டிஸ்பென்சரியில்கூட அந்த 57ஐக் கேட்டு எழுதிவிடலாம். மிக நவீன வைத்தியசாலையிலும் கேட்காமல் விட்டுவிடலாம்.

கேட்பதற்கு மொழி வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர், பெரும்பாலோர் தோட்டப்புறத்தவர். மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. ஆனால் வார்டில் நடுச்சாமத்தில் நடப்பது வேறு. சிங்களம் பேசும் வைத்தியர், தமிழ் மட்டும் தெரிந்த மூத்த பெண், இருவருக்கும் நடுவே பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் யாரோ ஒருவர் மொழிபெயர்ப்பாளராக. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, சீனி வருத்தம் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்பன அப்படியும் கேட்டு வாங்கப்பட்டுவிடுகின்றன. மகன் கொழும்பில் வேலைசெய்கிற கடையிலிருந்து நேற்று வந்த தொலைபேசிச் சேதியோ, முந்தாநாள் வீட்டுக்குள் நடந்த அடிதடியோ அந்த வழியில் வராது. முன்பின் தெரியாத ஒரு மூன்றாம் ஆள் வாயால் யாரும் அதைச் சொல்லவிட மாட்டார்கள். பல வைத்தியர்கள் அக்கறையோடு தமிழ்ச் சொற்கள் சிலவற்றைக் கற்று வைத்திருக்கிறார்கள், இளம் தலைமுறையில் அநேகம் பேர் நன்றாகச் சிங்களம் பேசுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் இந்த நோய் பெரும்பாலும் வருவது இளம் தலைமுறைக்கு அல்ல.

இன்னொரு தடை நம் பக்கத்தில் இருக்கிறது. புருஷன் அடித்தான், பிள்ளை மருந்து குடித்தது, கடன்காரர் வாசலில் நின்று கத்தினார் என்பதையெல்லாம் வைத்தியரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று குடும்பங்கள் நினைக்கின்றன. மானம் போகும் என்று மறைக்கிறார்கள். "ஒண்ணுமில்லைங்க டொக்டர், சும்மா இருந்தாப்பல வந்துருச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். 24 புள்ளி அங்கே போய்விடுகிறது.

வைத்தியர் பக்கத்தில் இருக்கும் நெருக்கடியையும் சொல்லியாக வேண்டும். மாரடைப்புக்குரிய ஈசிஜியோடு ஒருவர் வந்தால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சீக்கிரம் ஏற்ற வேண்டும். அஞ்சியோகிராம் வசதி பக்கத்தில் இல்லாத வைத்தியசாலைகளில் ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் போன்ற இந்த மருந்துகள்தான் உயிர் காப்பவை. டகோட்சுபோவில் கரைக்கக் கட்டியே இல்லை. மருந்தால் பலன் இல்லை, இரத்தக்கசிவு ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது. மறுபுறம், அழுதுகொண்டு வந்த பெண் என்பதாலேயே இது டகோட்சுபோவாகத்தான் இருக்கும் என்று மருந்தை நிறுத்தி, அது உண்மையான மாரடைப்பாகிவிட்டால், அந்த இருதயத் தசை நிரந்தரமாகச் செத்துவிடும். துக்கம் உண்மை மாரடைப்பையும் கொண்டுவரும். 1994 ஜனவரி 17இல் லொஸ் ஏஞ்சலிஸ் அருகே நோர்த்ரிட்ஜில் பூமி அதிர்ந்த அன்று, வழக்கமாக நாளுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த திடீர் இருதய மரணங்கள் 24 ஆயின.

ஆகவே 2018இல் வெளியான பன்னாட்டு வைத்தியர்களின் கூட்டறிக்கை தெளிவாகச் சொல்கிறது: ஈசிஜியில் மாரடைப்புக்கான மேல்தூக்கம் தெரிந்தால் முதலில் மாரடைப்பு என்றே எடுத்துக்கொண்டு குழாயைப் பார்க்க வேண்டும். புள்ளிமுறையெல்லாம் அப்படித் தெரியாதவர்களுக்குத்தான். இந்த முறை சரியானது. பாதிக் கதை தெரிந்து எடுக்கும் துணிச்சலைவிட இது பாதுகாப்பு. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓர் உதவி இருக்கிறது, அது எக்கோ. ஒரு குழாய் அடைபட்டால் அது பாயும் பகுதி மட்டுமே செயலிழக்கும். டகோட்சுபோவில் தசை அசைவற்றுப்போகும் பரப்பு எந்த ஒரு குழாயின் எல்லைக்குள்ளும் அடங்காமல் சுற்றிவளைத்து நிற்கும். ட்ரோபோனின் கொஞ்சமாகவே ஏறியிருக்கும், அசைவற்ற தசையோ நிறைய இருக்கும். இந்தப் பொருத்தமின்மையே பெரிய துப்பு. கையில் தூக்கிப்போகும் எக்கோ கருவிகள் இன்று இருக்கின்றன. தியத்தலாவை, வெலிமடை போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் அதற்கு மேலுள்ள வைத்தியசாலைகளிலும் எந்த நேரத்திலும் எக்கோ பார்க்கத் தெரிந்த ஒருவர் இருப்பது, இந்த ஒரு நோய்க்கு மட்டுமல்ல, எல்லா நெஞ்சுவலிக்கும் பயன்படும்.

தானாகவே குணமாகும் நோய் என்பதால் இலேசான நோய் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் நாட்களில் நோயாளியின் நிலை உண்மை மாரடைப்புக்குச் சமமான ஆபத்தில் இருக்கிறது. ஐவரில் ஒருவருக்குக் கடும் சிக்கல் வருகிறது என்கிறது 2015ஆம் ஆண்டுப் பதிவேடு. நுரையீரலில் நீர் கோக்கலாம். துடிப்பு தாறுமாறாகலாம். அசையாத நுனியில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். மேற்பாதி அளவுக்கு மீறிச் சுருங்குவதால் இரத்தம் வெளியேறும் வழி அடைபட்டு அழுத்தம் விழலாம். அப்படி விழும்போது, வழக்கமாக அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கும் டொபியூட்டமின் போன்ற மருந்து நிலைமையை இன்னும் கெடுக்கும். எரிகிற நெருப்பில் ஊற்றுவது அதே எண்ணெய்தானே. நோயின் பெயர் தெரிவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பது தெரிகிறது.

ஆண்களுக்கு வருவது குறைவு. வந்தால் கடுமை. அமெரிக்க வைத்தியசாலைகளின் 2016 முதல் 2020 வரையான பதிவுகளில், டகோட்சுபோவோடு அனுமதிக்கப்பட்ட ஆண்களில் 11.2 வீதத்தினர் இறந்தார்கள், பெண்களில் 5.5 வீதத்தினர். ஆண்களுக்குப் பெரும்பாலும் கடும் உடல்நோயோடு சேர்ந்து வருவதே காரணமாகச் சொல்லப்படுகிறது.

டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகும் வேலை இருக்கிறது. நாலு முதல் எட்டு வாரத்துக்குள் எக்கோவை மறுபடி பார்த்துத் தசை திரும்பிவிட்டதை உறுதிசெய்ய வேண்டும். அப்போதுதான் நோயின் பெயரும் உறுதியாகிறது. அந்தப் பெயர் கிளினிக் கொப்பியில் ஏறாவிட்டால், 'மாரடைப்பு வந்தவர்' என்ற அடையாளத்தோடு மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பார். திரும்ப வரும் வாய்ப்பும் உண்டு, வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேருக்கு என்ற அளவில். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் ஆய்வாளர்கள் 2018இல் காட்டியபடி, படத்தில் சரியாகிவிட்ட இருதயத்துக்கு உரியவர்கள் ஒரு வருடம் கழித்தும் களைப்பும் இளைப்பும் சொல்கிறார்கள். அந்தக் களைப்போடுதான் நம் பெண் மறுபடி மலை ஏறி, கூடை சுமந்து, நாளுக்குரிய கிலோவை நிறுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

கிளினிக்குக்குப் போகும் ஒரு நாள் என்பது ஒரு பேர் போவது. 2021இல் 1,000 ரூபாவாக்கப்பட்ட நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆனது. அன்றைய சம்பளத்தையும் இழந்து, பஸ் காசும் கொடுத்து, பசறைக்கு அப்பாலிருந்து பதுளைக்குப் போய் ஒரு எக்கோவுக்கு வரிசையில் நிற்பதென்றால், வலி நின்றுவிட்ட எவரும் யோசிக்கத்தான் செய்வார்கள். கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைய பேரை வெட்டக் கூடாது என்று தொழிற்சங்கங்கள் கம்பனிகளிடம் கேட்க வேண்டும். சம்பள உயர்வுக்குக் குரல் கொடுப்பவர்கள் இதற்கும் குரல் கொடுக்கலாம்.

வைத்தியசாலைகள் செய்யக்கூடியது ஒன்று செலவில்லாதது. நெஞ்சுவலி நோயாளியின் கட்டில் சீட்டில், வலிக்கு முந்திய ஒரு வாரத்தில் நடந்தது என்ன என்று ஒரு வரி இருக்கட்டும், தமிழிலும் சிங்களத்திலும். அதைக் கேட்டு எழுத, தமிழ் தெரிந்த தாதியோ சிற்றூழியரோ ஒருவர் ஒவ்வொரு நேரமுறையிலும் இருக்கட்டும். பக்கத்துக் கட்டில்காரர் மொழிபெயர்க்கும் நிலை நிற்கட்டும்.

குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவு. சாவு வீட்டிலோ, குளவி கொட்டிய பின்போ, மண்சரிந்த இரவிலோ, சண்டைக்குப் பிறகோ அம்மாவோ பாட்டியோ நெஞ்சு அடைக்குது, மூச்சு முட்டுது என்று சொன்னால் சோடாவும் கஷாயமும் கொடுத்து விடிய விடியக் காத்திருக்காதீர்கள். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், வாகனம் வருவதற்குத் தாமதமானால் தோட்ட லொறியையாவது கேளுங்கள். கூடப் போகிறவர் நடந்ததை அறிந்தவராக இருக்கட்டும். வைத்தியர் கேட்காவிட்டாலும், வலி வருமுன் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, திரும்ப எக்கோ எப்போது என்று கேட்டுத் திகதியைக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.